ஏர்லி விண்ணப்பம் டிஃபர் ஆகிவிட்டதா? பொங்கலுக்கு முன் ஒரு வேலை, பொங்கலுக்குப் பின் ஒரு வேலை

அமெரிக்கக் கல்லூரிகளின் ஏர்லி (முன்கூட்டியே விண்ணப்பிக்கும் சுற்று) முடிவுகள் பெரும்பாலும் டிசம்பர் நடுப்பகுதியில் வரும். அங்கே மாலை ஏழு மணி என்றால் இங்கே இலங்கையில் மறுநாள் விடியற்காலை ஐந்தரை. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ அந்தக் குளிரில் எழும்பி, சிக்னல் கிடைக்கிற மூலையில் போனைப் பிடித்துக்கொண்டு கல்லூரியின் விண்ணப்பப் போர்ட்டலைத் திறக்கிற பிள்ளைக்கு மூன்றில் ஒரு பதில் இருக்கும்: கிடைத்தது, கிடைக்கவில்லை, டிஃபர். முதல் இரண்டும் வீட்டில் எல்லோருக்கும் விளங்கும். மூன்றாவதை அம்மா அப்பாவுக்கு விளக்குவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடும்.

டிஃபர் என்றால் உங்கள் விண்ணப்பத்தை அவர்கள் மூடவில்லை. ரெகியுலர் (வழமையான) சுற்றுக்கு வந்த விண்ணப்பங்களோடு சேர்த்து இன்னொரு முறை படிப்பார்கள், முடிவு மார்ச் மாதக் கடைசியில். மறுபடி விண்ணப்பிக்கவோ கட்டணம் கட்டவோ தேவையில்லை. காத்திருப்புப் பட்டியல் என்பது வேறு: அது மார்ச் முடிவுக்குப் பிறகு, யாராவது இடத்தை விட்டால் மட்டும் அசைவது. ஏர்லி டிசிஷனில், அதாவது இடம் கிடைத்தால் போயே ஆக வேண்டிய வகையில், போட்டிருந்தால் நீங்களும் பெற்றோரும் பாடசாலையும் ஒப்பமிட்ட அந்தக் கட்டாய உடன்படிக்கை டிஃபர் ஆன நிமிடமே செயலிழந்துவிடும். மார்ச்சில் அதே கல்லூரி இடம் கொடுத்தாலும் போயே ஆக வேண்டும் என்றில்லை. பல பிள்ளைகளுக்கு இது தெரியாததால், கையைக் கட்டிக்கொண்டு மூன்று மாதம் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

போட்டி கடுமையான கல்லூரிகளில் டிஃபர் ஆனவர்களில் சிறு பங்கினருக்கே கடைசியில் இடம் கிடைக்கிறது. அதைச் சொல்லாமல் ஆறுதல் மட்டும் சொல்வது சரியில்லை. டிஃபர் செய்த கல்லூரிக்கு நீங்கள் இனிச் செய்யக்கூடியது இரண்டே வேலை: ஒரு கடிதம், ஒரு இடைக்கால மதிப்பெண் அறிக்கை. இரண்டும் சேர்ந்து நான்கைந்து நாள் வேலை. மிச்ச நேரம் முழுக்க மற்றக் கல்லூரிகளுக்கும் காசுப் பத்திரங்களுக்கும் உயர்தரப் பரீட்சைக்கும் போக வேண்டும். நடைமுறையில் தலைகீழாகத்தான் நடக்கிறது. அந்த ஒரு கல்லூரியையே நினைத்து டிசம்பர் போய்விடும், ஜனவரி முதலாம் திகதிக் கெடு தலைக்கு மேல் வந்து நிற்கும்.

ஏன் டிஃபர் செய்கிறார்கள் என்று யோசிப்பதில் ஒரு பயன் உண்டு, அதுவும் முதல் நாள் மட்டும். ஒன்று, அரையாண்டு மதிப்பெண்களைப் பார்க்க விரும்பலாம். இரண்டு, பணம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., அம்ஹெர்ஸ்ட், டார்ட்மவுத், போடன், பிரௌன் போன்ற சில கல்லூரிகளே வெளிநாட்டு மாணவரின் பணத் தேவையைப் பாராமல் தெரிவு செய்கின்றன. மிச்சப் பெரும்பாலான கல்லூரிகளில் நீங்கள் கேட்கும் உதவித்தொகையும் முடிவில் ஒரு பங்கு. அப்படியான இடங்களில் வெளிநாட்டு மாணவர் எல்லோரின் விண்ணப்பமும் கையில் வந்த பிறகுதான் பணத்தைப் பிரிப்பார்கள். முழு உதவி கேட்கும் நல்ல பிள்ளை டிஃபர் ஆவதற்கு இதுவே போதும். மூன்றாவது காரணம் அற்பமானது, ஆனால் அடிக்கடி நடப்பது: ஏதோ ஒரு பத்திரம் போய்ச் சேரவில்லை. போர்ட்டலில் இருக்கும் பட்டியலில் எது இன்னும் கிடைக்கவில்லை என்று காட்டுகிறது, எந்தத் திகதியிலிருந்து காட்டுகிறது என்று பாருங்கள். அதிபர் அனுப்பிய அறிக்கை ஒரு பக்கம் மட்டும் ஏறியிருக்கும். ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைப் புள்ளி கல்லூரிக்கு அனுப்பப்படாமல் உங்கள் கணக்கிலேயே கிடக்கும்.

டிஃபர் கடிதத்தையும் நிதானமாகப் படியுங்கள். அன்று காலையில் வேண்டாம், அடுத்த நாள். புதிய தகவல் அனுப்பலாமா, கூடாதா? அனுப்பலாம் என்றால் போர்ட்டலிலேயே படிவம் இருக்கிறதா, இமெயிலா? கடைசித் திகதி என்ன? இடைக்கால அறிக்கை கேட்டிருக்கிறார்களா? ஏர்லி டிசிஷனின் இரண்டாவது சுற்றான ஏர்லி டிசிஷன் 2க்கு மாறலாம் என்று சொல்கிறார்களா? இந்த ஐந்துக்கும் விடையை ஒரு தாளில் எழுதி வையுங்கள். எதையும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லும் கல்லூரிகளும் உண்டு. அங்கே கடிதம் அனுப்பினால் ஆர்வம் தெரியாது, சொல்பேச்சுக் கேட்காத பிள்ளை என்பதுதான் தெரியும்.

பொங்கலுக்கு முன்: மற்றக் கல்லூரிகள்

ரெகியுலர் கெடு பெரும்பாலும் ஜனவரி 1 முதல் 5 வரை, சிலவற்றுக்கு 15. டிசம்பர் நடுவில் டிஃபர் ஆனவருக்கு இரண்டு கிழமைதான் கையில். நடுவில் நத்தார், பாடசாலை விடுமுறை, மழை. கொமன் அப் (பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் இணையத்தளம்) கணக்கில் கெடு என்பது உங்கள் ஊர் நேரப்படி இரவு 11.59. அமெரிக்க நேரத்தைப் பார்த்து இன்னும் பத்தரை மணித்தியாலம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கடைசி இரவு மின்சாரம் போனால் அதோடு சரி. 2024 நவம்பரிலும் 2025 நவம்பரிலும் காலநிலையால் உயர்தரப் பரீட்சையே இடைநிறுத்தப்பட்டது. டித்வா புயலில் மலையகத்தில் எத்தனை இடங்களில் நாட்கணக்காகத் தொடர்பு அறுந்து கிடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே டிசம்பர் 28ஐ உங்கள் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

கொமன் அப்பில் மொத்தம் 20 கல்லூரிகள்தான் சேர்க்கலாம். டிஃபர் செய்த கல்லூரியும் அதில் ஓர் இடத்தைப் பிடித்திருக்கும். இருபதையும் நிரப்புவது புத்திசாலித்தனம் இல்லை. ஒவ்வொரு கல்லூரியும் தனியாக ஒன்றிரண்டு கட்டுரை கேட்கும், இரண்டு கிழமையில் இருபது கல்லூரிக்கு எழுதினால் இருபதும் ஒரே கஞ்சியாக இருக்கும். ஆறிலிருந்து எட்டு போதும். தெரிவு செய்யும்போது தரவரிசையைப் பார்ப்பதை விட வெளிநாட்டு மாணவருக்குத் தேவைக்கேற்ற முழு உதவி உண்டா என்று முதலில் பாருங்கள். இல்லை என்றால் அந்தக் கல்லூரி உங்களுக்கு இடம் கொடுத்தும் பயன் இல்லை. மிச்சத்தை யார் கட்டுவது?

650 சொல் பிரதானக் கட்டுரையை டிஃபர் ஆனதற்காகத் தூக்கியெறிய வேண்டியதில்லை. ஒரு கல்லூரிக்கு அனுப்பிய பிறகும் அடுத்தவற்றுக்காக அதைத் திருத்தலாம். புதிதாக எழுதுவதை விட, செயற்பாடுகள் பகுதியைத் திருத்துவதில் பலன் அதிகம். பத்து வரிசைகள், ஒவ்வொன்றுக்கும் 150 எழுத்துகள். அங்கே விவாதக் குழு, மாணவத் தலைவர், தமிழ்த் தினப் போட்டி என்று எழுதிவிட்டு, தினமும் செய்கிற வேலையை விட்டுவிடுவார்கள். அம்மா கொழுந்துக்குப் போன பிறகு தம்பி தங்கையை எழுப்பிப் பாடசாலைக்கு அனுப்புவது, தாத்தாவை கிளினிக்குக் கூட்டிப்போவது, அப்பாவின் மரக்கறித் தோட்டத்தில் வேலை: இவற்றுக்கென்றே குடும்பப் பொறுப்பு என்ற வகை அந்தப் பட்டியலில் இருக்கிறது. கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் என்ற பெட்டியை உண்மையாக நிரப்பினால், அந்த எண்ணே மிச்சத்தைச் சொல்லிவிடும்.

ஏர்லி டிசிஷன் 2 பற்றிச் சுருக்கமாக: கெடு ஜனவரி முதல் பாதி, முடிவு பெப்ரவரி நடுவில், கிடைத்தால் போயே ஆக வேண்டும். மற்ற எல்லா விண்ணப்பத்தையும், டிஃபர் ஆனதையும் சேர்த்து, மீளப் பெற வேண்டும். உதவித்தொகை போதாது என்றால் விலகலாம். இரண்டாவது விருப்பம் ஒன்று உண்மையிலேயே இருந்தால் மட்டும் போடுங்கள். சோகத்தில் போடக் கூடாது.

கட்டணமும் ஒரு தடை. ஒரு கல்லூரிக்கு 50 முதல் 90 டொலர் வரை போகலாம். கொமன் அப்பில் கட்டணச் சலுகைக் கேள்வி இருக்கிறது. வெளிநாட்டு மாணவருக்கு அதை ஏற்கும் கல்லூரிகளும் உண்டு, ஏற்காதவையும் உண்டு. ஏற்காத இடத்துக்குச் சேர்க்கைப் பிரிவுக்கு நான்கு வரி இமெயில் போதும்: பெயர், விண்ணப்ப இலக்கம், குடும்ப வருமானம், சலுகை கிடைக்குமா என்ற கேள்வி. கார்ட்டில் கட்டுவதாக இருந்தால் உங்கள் வங்கி டெபிட் கார்ட்டை வெளிநாட்டு ஒன்லைன் கொடுக்கல் வாங்கலுக்குத் திறந்துவிட்டதா என்று ஒரு கிழமைக்கு முன்பே கேளுங்கள். டிசம்பர் 31 இரவு கார்ட் மறுக்கப்பட்டால் யாரையும் பிடிக்க முடியாது.

காசுப் பத்திரங்கள்

மலையகப் பிள்ளைகளின் விண்ணப்பங்களில் அதிகம் சிக்கல் வருவது இங்கேதான். பல கல்லூரிகள் சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற உதவித்தொகைப் படிவம் கேட்கும், முதல் கல்லூரிக்கு 25 டொலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 16. அந்தப் படிவத்தின் தானியங்கிச் சலுகை அமெரிக்க மாணவர்களுக்கானது, ஆகவே வெளிநாட்டவர் கல்லூரியிடமே சலுகைக் குறியீடு கேட்க வேண்டும். ஏர்லிக்கு நிரப்பியிருந்தாலும், புதிய கல்லூரிகளைச் சேர்ப்பதற்கு முன் ஒரு தடவை முழுக்கச் சரிபாருங்கள். டிஃபர் ஆனதில் ஒரு நன்மை இருந்தால் அது இந்த இரண்டாவது பார்வைதான்.

வருமானம் இரண்டு வருடம் பின்னால் கேட்கப்படும்: 2026 செப்டெம்பரில் சேர்பவர் 2024ஆம் ஆண்டுக் கணக்கைக் கொடுக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் அம்மாவின் 2024 வருமானத்தை ஒரே நாட்சம்பளத்தால் பெருக்க முடியாது. அந்த ஆண்டு செப்டெம்பரில்தான் நாட்சம்பளம் 1,000 ரூபாவிலிருந்து 1,350 ஆனது. அதோடு பேர் கணக்கு (ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர்) இருக்கிறது: மாதத்தில் எத்தனை முழுப்பேர், எத்தனை அரைப்பேர், ஞாயிறு வேலைக்குக் கிடைத்த கைகாசு எவ்வளவு. மழையில் ஒரு மாதம், பனியில் கொழுந்து கருகி இன்னொரு மாதம். உதாரணத்துக்கு, எட்டு மாதம் சராசரி 20 பேர் வீதம் 1,000 ரூபா என்றால் 1,60,000. மிச்ச நான்கு மாதம் 18 பேர் வீதம் 1,350 ரூபா என்றால் 97,200. மொத்தம் 2,57,200 ரூபா, இது முழு ஆண்டுக்கு. இப்படி உத்தேசமாகக் கணக்குப் போட்டு எழுதிவிடாதீர்கள். பன்னிரண்டு சம்பளச் சீட்டையும் எடுத்து வைத்துக் கூட்டுங்கள். சீட்டு தொலைந்திருந்தால் தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் (வேலைநாள், சம்பளப் பதிவேடு) பார்த்து ஆண்டு மொத்தத்தை எழுதித் தரும்படி கேட்கலாம். கடிதத் தலைப்பும் முத்திரையும் இருக்க வேண்டும்.

எந்த மொத்தத்தை எழுதுவது? சீட்டின் அடியில் கையில் கிடைத்ததாக இருக்கும் தொகையை இல்லை. அது ஊழியர் சேமலாப நிதி 8 சதவீதம், சங்கச் சந்தா, தீபாவளி அட்வான்ஸ் தவணை எல்லாம் கழித்த பிறகு வருவது. கழிவுகளுக்கு முந்திய மொத்த வருமானம்தான் கேட்கப்படுகிறது. கையில் கிடைத்ததை எழுதிவிட்டு மொத்தம் உள்ள சீட்டை இணைத்தால் இரண்டும் பொருந்தாது. உதவிப் பிரிவில் இருப்பவர் விளக்கம் கேட்டு எழுதுவார், அந்த இமெயில் ஸ்பாமில் விழும், கோப்பு பெப்ரவரி வரை அரைகுறையாகக் கிடக்கும். மாத வருமானத்தை ஆண்டுப் பெட்டியில் எழுதுவதும், ரூபாவும் டொலரும் கலப்பதும் மற்ற இரண்டு வழமையான பிழைகள். படிவத்தில் உங்கள் நாட்டு நாணயத்தைத் தெரிவு செய்துவிட்டு முழுக்க ரூபாவிலேயே நிரப்புங்கள்.

வீட்டுக் கேள்வியிலும் கவனம் வேண்டும். லயத்து வீட்டில் மூன்று தலைமுறையாக இருந்தாலும், உறுதிப் பத்திரம் உங்கள் பெயரில் இல்லாவிட்டால் அது சொந்த வீடு ஆகாது. சொந்த வீடு என்று குறித்துவிட்டு ஒரு பெறுமதியும் போட்டால், இல்லாத சொத்து ஒன்று உங்கள் கணக்கில் ஏறும். தோட்டக் கம்பனி கொடுத்த இருப்பிடம், வாடகை இல்லை, உரிமை இல்லை என்று விளக்கப் பகுதியில் ஒரே வரியில் எழுதுங்கள். சேமலாப நிதியில் இருப்பது ஓய்வுக்காலப் பணம். வங்கிச் சேமிப்பில் அதைச் சேர்க்க வேண்டாம். கொழும்பில் கடையில் வேலை செய்யும் அண்ணா அனுப்பும் பணம், வளைகுடாவிலிருந்து சித்தி அனுப்பும் பணம் ஆகியவற்றை மறைக்காதீர்கள். வங்கிப் புத்தகத்தில் தெரியும்.

கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் வேண்டுமென்றால் அவர் அலுவலகத்தில் இருக்கும் நாளைக் கேட்டுப் போய், அதன் மேல் பிரதேச செயலகத்தின் மேலொப்பமும் வாங்குங்கள். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள பத்திரத்தைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுத்து, மூலத்தோடு ஒரே பி.டி.எப். ஆக்குங்கள். போனில் படம் எடுத்தால் நிழல் விழாமல், நான்கு மூலையும் தெரிய வேண்டும். டவுனில் கொமியூனிகேஷன் கடையில் ஸ்கேன் பண்ணுவது இன்னும் நல்லது, செலவும் சொற்பம்.

விண்ணப்பித்த பிறகு குடும்ப நிலைமை மாறியிருந்தால், உதாரணமாக மண்சரிவால் வீடு போனது, தோட்டத்தில் வேலை குறைந்தது, இடம்பெயர்ந்து முகாமில் இருந்தது போன்றவை, அதை உதவித்தொகைப் பிரிவுக்குத் தனி இமெயிலாக அனுப்புங்கள்; கிடைத்த அரச கடிதத்தையும் இணைத்துவிடுங்கள். சேர்க்கைப் பிரிவுக்கு எழுதும் கடிதத்தில் இந்த விபரத்தைக் கொட்ட வேண்டாம். படிப்பைப் பாதித்தது என்றால் அதை மட்டும் அங்கே ஒரு வரியில் சொல்லலாம்.

பொங்கலுக்குப் பின்: அந்தக் கடிதம்

டிஃபர் ஆன மறுநாளே எழுதி அனுப்புவதில் பொருளில்லை, சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இருக்காது. ஜனவரி நடுவிலிருந்து பெப்ரவரி தொடக்கம் வரை நல்ல காலம். கல்லூரி வேறு திகதி சொன்னால் அதுதான் கணக்கு. கேம்பிரிட்ஜ், எடெக்ஸெல் பிள்ளைகளுக்கு ஒக்டோபர், நவம்பர் பரீட்சை முடிவுகள் ஜனவரியில் வரும், அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். உள்ளூர் உயர்தரம் எழுதியவர்களுக்கு அப்படி ஒன்று கையில் இருக்காது. 2024 உயர்தரப் பெறுபேறு 2025 ஏப்ரல் கடைசியில்தான் வந்தது. அமெரிக்க முடிவு அதற்கு முன்பே வந்துவிடும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் ஒரு பக்கம், முந்நூறு நானூறு சொல். முதல் இரண்டு வரியில் பெயர், விண்ணப்ப இலக்கம், இன்னும் அங்கே படிக்க விரும்புகிறேன் என்பது. நடுவில் இரண்டு பந்தி புதிய விடயங்கள். கடைசியில் அந்தக் கல்லூரிக்கே உரிய ஒரு காரணம், நன்றி. இவ்வளவுதான்.

புதிய விடயம் என்றால் என்ன என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். 'உலகப் புகழ்பெற்ற உங்கள் கல்லூரியில் கல்வி கற்பது என் சிறுவயதுக் கனவு' என்பது கல்லூரியின் பெயரை மாற்றி யாருக்கும் அனுப்பக்கூடிய வரி. இதைப் பாருங்கள்: 'நான் விண்ணப்பித்த பிறகு எங்கள் இரசாயனவியல் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனார். வகுப்பில் நான்கு பேர் சேர்ந்து கடந்தகால வினாத்தாள்களுக்குத் தமிழில் விடை விளக்கம் எழுதத் தொடங்கினோம். ஏழு ஆண்டுத் தாள்கள் முடிந்துவிட்டன. பக்கத்தில் இரண்டு பாடசாலைகளில் அதை வைத்துப் படிக்கிறார்கள். சேதன இரசாயனம் என் பங்கு. ஒரு கேள்வியை நானே முதலில் பிழையாகச் செய்து, இன்னொரு பாடசாலை மாணவி திருத்தி அனுப்பினாள்.' கற்பனை உதாரணம்தான், ஆனால் வேறு யாருடைய கடிதத்திலும் வராது. பதக்கம், சான்றிதழ் எதுவும் இல்லாமலே அந்தப் பிள்ளை எப்படிப்பட்டது என்று தெரிகிறது. மலையகத்தில் பெரிய போட்டிகளும் ஆய்வுக் கூடங்களும் கைக்கெட்டாது என்று அங்கலாய்ப்பதை விட, ஆசிரியர் இல்லாத பாடத்தை எப்படிப் படித்தோம் என்று சொல்வது வலுவானது.

கல்லூரிக்குரிய காரணமும் அப்படித்தான். இணையத்தளத்தில் முதல் பக்கத்தில் இருப்பதைத் திருப்பி எழுதாதீர்கள். ஒரு பாடநெறியின் பெயர், ஒரு பேராசிரியரின் வேலை, நீங்கள் படிக்க நினைப்பதோடு அது எங்கே சேருகிறது என்று இரண்டு வரி. இந்தப் பகுதியை ஏ.ஐ.யிடம் கேட்டு எழுதினால் உடனே தெரியும், ஏனென்றால் எல்லோரும் அதையேதான் கேட்கிறார்கள். மொழியைத் திருத்த மட்டும் பயன்படுத்தலாம் என்றாலும், கல்லூரியின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

'இடம் கொடுத்தால் கட்டாயம் வருவேன்' என்ற வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். ஏர்லி டிசிஷன் 2 வேறு இடத்தில் போட்டுவிட்டு இதை எழுதினால் இரண்டில் ஒன்று பொய். முழு உதவி இல்லாமல் வர முடியாது என்றால், முதல் விருப்பம் நீங்கள்தான் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கல்லூரியைத் திருப்பிக் கேள்வி கேட்கக் கூடாது: ஏன் டிஃபர் செய்தீர்கள், எங்கே குறை என்ற தொனி வேண்டாம். ஒரே ஒரு கடிதம், கிழமைக்கொன்று இல்லை. பெற்றோரோ மாமாவோ போன் எடுப்பதும், அரசியல்வாதி கடிதம் வாங்குவதும் தீங்கு. கல்லூரி அனுமதித்தால் மேலதிகமாக ஒரு ஆசிரியரின் பரிந்துரை அனுப்பலாம், அதுவும் உங்களைப் பற்றி முன்பு வராத ஒன்றைச் சொல்பவராக இருந்தால்தான்.

அதிபரிடம் போக வேண்டிய வேலை

இடைக்கால அறிக்கையை மாணவர் ஏற்ற முடியாது; கொமன் அப்பில் கவுன்சிலராகப் பதிவானவரே ஏற்ற வேண்டும். நம் பாடசாலைகளில் அப்படி ஒரு பதவி இல்லாததால் அதிபரோ பிரதி அதிபரோ வகுப்பாசிரியரோ அந்த இடத்தில் இருப்பார். அவருக்கு இது பழக்கமில்லாத வேலை, வேறு நூறு வேலையும் உண்டு. பாடசாலை விடுமுறைக்கு முன்பே போய், 'சேர், ஜனவரி கடைசிக்குள் இந்த ஒரு படிவம் மட்டும் ஏற்ற வேண்டும்' என்று திகதியோடு எழுதிக் கொடுங்கள். அவருடைய கணக்கின் இமெயிலும் கடவுச்சொல்லும் கைவசம் இருக்கிறதா என்று அப்போதே கேளுங்கள். ஏர்லிக்காக ஒக்டோபரில் திறந்த கணக்கின் கடவுச்சொல் ஜனவரியில் யாருக்கும் நினைவிருக்காது.

எந்த மதிப்பெண்? கடைசித் தவணைப் பரீட்சை, அல்லது உயர்தரத்துக்கு முன் நடந்த முன்னோடிப் பரீட்சை. இங்கே 75 எடுத்தாலே A. அமெரிக்கக் கண்ணுக்கு 75 என்பது சுமாரான புள்ளி. ஆகவே பாடசாலை அறிமுகப் பத்திரத்தில் தர அளவையும், வகுப்பில் எத்தனை பேர், அதில் நீங்கள் எத்தனையாவது என்பதையும் எழுதும்படி கேளுங்கள். ஏர்லிக்கு அந்தப் பத்திரம் இல்லாமல் போயிருந்தால் இப்போது இடைக்கால அறிக்கையோடு சேர்த்து ஏற்றலாம். பரீட்சை இடைநிறுத்தப்பட்டு ஜனவரிக்குத் தள்ளிப் போனது போன்ற விடயத்தையும் அதிபரே ஒரு வரியில் குறிப்பிடுவது, பிள்ளை சொல்வதை விட எடுபடும்.

வழி தெரியாமல் நின்றால், கொழும்பில் அமெரிக்க-இலங்கை ஃபுல்பிரைட் ஆணைக்குழுவில் எடியுகேஷன் யூ.எஸ்.ஏ. ஆலோசனை நிலையம் இருக்கிறது. இமெயிலில் கேள்வியைத் தெளிவாகக் கேட்டு எழுதுங்கள். டிஃபரை மாற்றித் தருகிறேன், உள்ளே ஆள் இருக்கிறது என்று காசு கேட்கும் ஏஜென்சிக்காரரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு வழியே கிடையாது.

வீட்டிலும் லயத்திலும்

ஒரு பிள்ளை அமெரிக்காவுக்கு விண்ணப்பித்தது லயத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். கடைக்குப் போனால், 'என்னம்மா, அமெரிக்கா சீட்டு கெடச்சிருச்சா?' என்பார்கள். 'இன்னும் முடிவு வரல மாமா, பங்குனியிலதான் வரும்' என்று ஒரே பதிலை எல்லோருக்கும் சொல்லுங்கள். பொய்யும் இல்லை, விளக்கமும் தேவைப்படாது. அம்மா அப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்: தள்ளிவிடவில்லை, மறுபடி பார்ப்பார்கள், ஆனால் கிடைப்பது கஷ்டம், அதனால் வேறு ஏழு இடத்துக்கும் போடுகிறேன். கடைசிப் பகுதியை மறைத்தால் மார்ச்சில் இரண்டு மடங்காக அடிக்கும்.

போர்ட்டலைத் தினமும் திறந்து பார்ப்பதில் பயனில்லை. கிழமைக்கு ஒரு நாள், வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொண்டு இமெயில், ஸ்பாம், போர்ட்டல் மூன்றையும் பார்த்தால் போதும். விண்ணப்பக் குழுக்களில் மற்றவர்களின் புள்ளிகளை ஒப்பிட்டுக்கொண்டு இரவைக் கழிப்பவர்களுக்குத் தூக்கமும் போகும், உயர்தரமும் போகும். சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இரண்டு கிழமைக்கு மேல் போனால் அது டிஃபரோடு நிற்கும் பிரச்சினை இல்லை. ஆசிரியரிடமோ வைத்தியசாலையிலோ சொல்லத்தான் வேண்டும்.

உயர்தரம்

அமெரிக்கா முடிவாகாமல் உள்ளூர் வழியை விடக் கூடாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் முறையில் பெரும்பாலான துறைகளுக்கு 40 சதவீதம் நாடளாவிய திறமை, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. அந்த 16 மாவட்டங்களில் நுவரெலியாவும் பதுளையும் இரத்தினபுரியும் உண்டு. டிஃபர் ஆன கவலையில் ஒரு பாடம் A யிலிருந்து B ஆகி இசட் புள்ளி (பல்கலைக்கழகத் தெரிவுக்கான புள்ளி) இறங்கினால், பேராதனைக்கோ கொழும்புக்கோ போகும் வழி குறுகிவிடும். பெறுபேறு வந்த பிறகு விண்ணப்பத்துக்குத் தரப்படும் காலம் அதிகமில்லை; அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வதிவிட ஆவணங்களை மார்ச்சிலேயே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் புலமைப்பரிசில் அறிவித்தல்களையும் அதே காலத்தில் கவனியுங்கள். பெண் பிள்ளைகளுக்குப் பங்களாதேஷின் சிட்டகொங்கில் உள்ள ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகமும் ஒரு நல்ல வழி.

மார்ச் கடைசியில் முடிவு வரும்போது அமெரிக்காவில் கோடை நேரம் தொடங்கியிருக்கும், வித்தியாசம் ஒன்பதரை மணித்தியாலம். மாலை ஏழு மணி அறிவிப்பு இங்கே விடியற்காலை நாலரைக்கு. எங்காவது இடம் கிடைத்தால் உதவித்தொகைக் கடிதத்தில் படிப்புக் கட்டணம், விடுதி, சாப்பாடு, காப்புறுதி, விமானச் செலவு ஒவ்வொன்றும் உள்ளதா என்று தனித்தனியாகக் கூட்டிப் பார்த்துவிட்டு மே 1க்குள் பதில் சொல்லுங்கள். காப்புறுதியும் விமானமும் விடுபட்டிருந்தால், பதில் சொல்வதற்கு முன்பே கேளுங்கள்.

எங்கும் கிடைக்காமல் அடுத்த ஆண்டு மறுபடி முயல நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பதிந்து பட்டப் பாடங்களைப் படிக்கத் தொடங்கிவிட்டால், பல அமெரிக்கக் கல்லூரிகள் உங்களை முதலாண்டு விண்ணப்பதாரராகப் பாராமல் இடமாற்ற விண்ணப்பதாரராகவே பார்க்கும். அந்த வரிசையில் வெளிநாட்டு மாணவருக்கு உதவித்தொகை மிகக் குறைவு. எந்த அளவு படித்தால் அப்படி ஆகும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பதிவுக்கு முன் நீங்கள் விரும்பும் நான்கைந்து கல்லூரிகளுக்கு இமெயில் எழுதி, எழுத்தில் பதில் வாங்கிவிட்டு, அதற்குப் பிறகு பதியுங்கள்.